வெள்ளிக் கோளில் ஒரு கடல் இருந்தது

(சிறுவர் நூல்கள் குறித்த தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் விரிவாக்கம்)



வெள்ளிக் கோளில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. மழை ஓயாமல் பெய்தது. கடலுக்கு அடியில் கண்ணாடி போன்ற கூரை போட்ட நகரங்கள் இருந்தன. அங்கே மனிதர்கள் காலையில் வேலைக்குப் போனார்கள், மாலையில் வீடு திரும்பினார்கள். (வெள்ளி என்றதும் நம் சட்டைப்பையில் இருக்கும் வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். வானத்து வெள்ளியைத்தான் சொல்கிறேன்.) இப்படி ஒரு தலைமுறைச் சிறுவர்கள் கதைகளில் படித்தார்கள். வானியல் அறிஞர்கள் சிலர்கூட அங்கே கடல் இருக்கலாம் என்றே எண்ணினார்கள். 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி அமெரிக்காவின் மாரினர் 2 விண்கலம் அந்தக் கோளைக் கடந்து சென்றது. அன்றோடு அந்தக் கடல் வற்றிப்போனது.

வற்றிப்போன அந்தக் கடலைத் தேடித்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். காரணம், பெயர் மறந்துபோன ஒரு புத்தகம்.

சிறு வயதில் படித்த நூல்களைப் பற்றிப் பேசுவதென்று மன்றத்தில் முடிவானதும் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். கதை நினைவிருக்கிறது, தலைப்பும் ஆசிரியரும் மறந்துபோயின என்று சொல்லும்படி உங்களிடம் ஏதாவது புத்தகம் உண்டா என்பதே அது. வந்த பதில்களில் துப்பறியும் கதைகளே அதிகம். அவற்றுக்கு நடுவே ஈப்போ, புந்தோங்கிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் இரண்டு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருந்தார். தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் பாடம் நடத்தியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆசிரியர் ஐயா என்றே சொல்கிறேன்.

1960-களின் நடுவில், ஆங்கிலப் பள்ளியில் படிவம் 2 படிக்கும்போது நூலக அலமாரியிலிருந்து எடுத்த புத்தகம் அது. வெள்ளிக் கோள் முழுவதும் கடல். கடலடியில் ஒரு நகரம். மனம் பேதலித்த ஒருவன் நகரத்தின் கதவைத் திறந்து கடலை உள்ளே விடப்போவதாக மிரட்டுகிறான். தவளை போன்ற சிறு பிராணிகள் மனிதர்களின் மனத்துக்குள் புகுந்து ஆட்டிவைக்கின்றன. அந்தத் தவளைகள் கச்சாங் பூத்தே தின்னும். வண்டிக்குப் போடும் கிரீஸ் என்றால் உயிரையே விடும். கதாநாயகன் ஏதோ அதிர்ஷ்டக்காரன். எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

இவ்வளவுதான் துப்பு. தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "ஏம்மா, அப்படி ஒரு புத்தகம் இருந்துச்சா, இல்ல நானே கட்டிவிட்ட கதையா? எம் புள்ளைங்க, நீங்களா கட்டிவிட்டதுதான்பான்னு சிரிக்கிறாங்க."

சிரிப்புக்குக் காரணம் உண்டு. வகுப்பறையில் கரும்பலகையில் 'வெள்ளி – மிக வெப்பமான கோள்' என்று எழுதிய கை அவருடையது. அதே மனிதர் அங்கே கடல் இருந்தது, தவளை இருந்தது என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்த ஒன்று உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் ஆசை. புத்தகம் கையில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

கோளைக் கேட்டால் ஆண்டைச் சொல்லும்

அறிவியல் புனைகதைகளுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கதை எதிர்காலத்தில் நடக்கும். ஆனால் அது எழுதப்பட்ட ஆண்டு கதைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நாணயத்தைப் புரட்டினால் ஆண்டு தெரிவதைப் போல, கதையில் வரும் கோளைப் புரட்டினால் ஏறக்குறைய எந்தக் காலத்துப் புத்தகம் என்று சொல்லிவிடலாம்.

வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கியில் பார்த்தால் மேகம் மட்டுமே தெரியும். மேகம் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் செடி கொடி இருக்கும் என்று மனித மனம் கணக்குப் போடுவது இயற்கை. நோபெல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் சுவாந்தே அரேனியஸ் அப்படித்தான் கணக்குப் போட்டார். 1918-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூல், வெள்ளியைச் சொட்டச் சொட்ட நனைந்த சதுப்பு நிலமாகக் காட்டியது. 1932-இல் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தில் அங்குள்ள காற்றை ஆராய்ந்தபோது கரியமில வாயு ஏராளமாக இருப்பது தெரிந்தது. அப்போதும் கடல் மீதான ஆசை விடவில்லை. 1955-இல் டொனால்ட் மென்சல், பிரெட் விப்பிள் என்ற இரு அமெரிக்க வானியலாளர்கள், வெள்ளியின் மேற்பரப்பு முழுவதும் கடலாகவே இருக்கலாம் என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே வானொலி அலைகளைக் கொண்டு அளந்தவர்கள் அங்கே சூடு தாங்காது என்று சொல்லத் தொடங்கினார்கள். மாரினர் 2 அதை உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15-ஆம் தேதி சோவியத்தின் வெனேரா 7 தரையிறங்கி, 475 டிகிரி செல்சியஸ் என்று அங்கிருந்தே செய்தி அனுப்பியது. ஈயம் உருகும் சூடு அது.

ஆக, வெள்ளியில் கடல் உள்ள கதை என்றால் அது பெரும்பாலும் 1962-க்கு முற்பட்டது. மற்றக் கோள்களும் இப்படித்தான். செவ்வாயில் கால்வாய்கள் வெட்டியிருந்தால், 1965 ஜூலையில் மாரினர் 4 படம் எடுத்து அனுப்பியதற்கு முற்பட்ட கதை. புதனுக்கு ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு என்று வந்தால் அதுவும் 1965-க்கு முற்பட்டது. அந்த ஆண்டில்தான் ரேடார் மூலம் புதன் தன்னைத்தானே சுற்றும் கால அளவு 59 நாள் என்று கண்டுபிடித்தார்கள். லேரி நிவன் என்ற எழுத்தாளரின் முதல் கதை, புதனின் இருண்ட பக்கத்தில் நடப்பது. 1964 டிசம்பர் இதழில் அச்சேறியது. மறு ஆண்டே இருண்ட பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. முதல் கதை எழுதுகிறவருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா!

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ரோஜர் செலாஸ்னி 1965-இல் வெள்ளிக் கடலில் மீன்பிடிக்கும் கதை ஒன்றை எழுதினார். கடல் இல்லை என்று தெரிந்தே, பழைய வெள்ளிக்கு விடை கொடுப்பது போல எழுதியது அது. 1968-இல் பிரையன் ஆல்டிஸ், ஹாரி ஹாரிசன் இருவரும் பழைய வெள்ளிக் கதைகளைத் திரட்டி ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள். பிரியாவிடை சொல்வது போலத் தலைப்பும் வைத்தார்கள். ஒரு கோளுக்குக் கருமாதி செய்தது போல எனக்குப் பட்டது.

சரி, 1962-க்கு முன் என்று தெரிந்தது. ஆனால் வெள்ளிக் கடல் கதை ஒன்றா இரண்டா? சி.எஸ். லூயிஸ் 1943-இல் எழுதிய 'பெரலாண்ட்ரா'வில் கடல் உண்டு, அதன் மேல் தீவுகள் மிதக்கும். ஆனால் அது சமயச் சிந்தனை நிறைந்த பெரியவர்கள் கதை; கிரீஸ் தின்னும் தவளைக்கு அதில் இடமில்லை. ராபர்ட் ஹைன்லைனின் 1948-ஆம் ஆண்டுச் சிறுவர் நூலான 'ஸ்பேஸ் கேடட்'டில் வெள்ளி சதுப்பு நிலமாக இருக்கிறது. நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்கள் வருகின்றன, கடலடி நகரம் இல்லை. ரே பிராட்பரியின் வெள்ளியில் மழைதான் நாயகன். ஹென்றி கட்னர், சி.எல். மூர் தம்பதியர் 1940-களில் கடலடி நகரங்களையே வைத்து எழுதினார்கள். நெருங்கி வந்துவிட்டோம் என்று தோன்றியது. ஆனால் அவை படிவம் 2 மாணவனுக்கான கதைகள் அல்ல.

மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர் யார்?

ஆசிரியர் ஐயா இதற்கு முன்பும் தேடியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர், கடல் என்று சொன்னவுடன் எல்லோரும் அவரை ஜூல் வெர்னிடம் அனுப்பிவைத்தார்கள். கடலடிப் பயணக் கதையை அவரும் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். தவளையைக் காணோம்.

உண்மையில் அந்தப் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரரே அல்லர். ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அட்டையில் இருந்த பெயர் பால் பிரெஞ்ச். அது ஒரு புனைபெயர். அதற்குப் பின்னால் இருந்தவர் ஐசக் அசிமோவ்!

1950-களின் தொடக்கத்தில் டபிள்டே பதிப்பகம் அசிமோவிடம் சிறுவர்களுக்கு ஒரு விண்வெளித் தொடர் எழுதித் தரும்படி கேட்டது. அதைத் தொலைக்காட்சித் தொடராக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. அன்றைய தொலைக்காட்சி விண்வெளித் தொடர்களின் தரத்தைப் பார்த்த அசிமோவ், தம் பெயர் கெட்டுப்போகுமே என்று பயந்து புனைபெயர் வைத்துக்கொண்டார். தொலைக்காட்சியில் வேலை செய்யும் எனக்கு இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கடைசியில் அந்தத் தொலைக்காட்சித் தொடர் வரவே இல்லை. புனைபெயர் மட்டும் மிஞ்சியது.

1952 முதல் 1958 வரை ஆறு புத்தகங்கள் வந்தன. செவ்வாய், சிறுகோள்கள், வெள்ளி, புதன், வியாழன், சனி என்று ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நடக்கும். கதாநாயகனின் பெயர் டேவிட் ஸ்டார், பட்டப்பெயர் லக்கி. அதுதான் ஆசிரியர் ஐயா சொன்ன 'அதிர்ஷ்டக்காரன்'. மூன்றாவது புத்தகம் 1954-இல் வந்த 'லக்கி ஸ்டார் அண்ட் தி ஓஷன்ஸ் ஆஃப் வீனஸ்'. அப்ரோடைட் என்ற கடலடி நகரம் அதில் இருக்கிறது. கதவைத் திறந்துவிடப்போவதாக மிரட்டுபவன் இருக்கிறான். வி-தவளைகள் இருக்கின்றன. கிரீஸ் மோகமும் இருக்கிறது.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப கடல் இருந்துச்சு" என்றார்.

கச்சாங் பூத்தே மட்டும் இல்லை. கதையில் தவளைக்குக் கொடுப்பது காய்ந்த பட்டாணி. புந்தோங்கில் பிறந்து வளர்ந்த பையனுக்குக் காய்ந்த பட்டாணி என்றால் என்ன? கச்சாங் பூத்தேதான்! தெரு முழுக்க அந்த வாசனையில் வளர்ந்தவர் அவர். அமெரிக்கப் பட்டாணியைத் தம் ஊர்ப் பட்டாணியாக மாற்றித்தான் மனத்தில் சேமித்து வைத்திருக்கிறார்.

இது அவருக்கு மட்டும் நேர்வதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றைத் தம் நாட்டவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்தும், நாட்கள் கழித்தும், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த மக்களின் குடைந்தெடுத்த தோணி, சொல்லச் சொல்லச் சாதாரணப் படகாக மாறியது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. தங்களுக்குப் பழக்கமில்லாததைப் பழகியதாக மாற்றிக்கொண்டார்கள், புரியாததை விட்டுவிட்டார்கள். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருளல்ல, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நாம் மறுபடி சமைத்துப் பரிமாறுவது என்பதே அவர் கண்ட முடிவு.

இதைச் சொல்லும் பலர், ஆகவே பழைய நினைவுகளை நம்பாதீர்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிரியர் ஐயாவின் துப்புகளை மறுபடி பாருங்கள். பிரெஞ்சு என்றார், இருந்தது. அதிர்ஷ்டம் என்றார், இருந்தது. கச்சாங் பூத்தே என்றார், பட்டாணி இருந்தது. எல்லாம் இடம் மாறிக் கிடந்ததே தவிர எதுவும் இட்டுக்கட்டியதல்ல. தேடுபவர் செய்ய வேண்டியது, சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், அதன் பின்னால் என்ன சொல் இருந்திருக்கும் என்று பார்ப்பதுதான். நாட்டைச் சொன்னால் பெயராக இருக்கலாம். பலகாரத்தைச் சொன்னால் தானியமாக இருக்கலாம்.

கதையின் நீதி, கதாநாயகனின் வீரம் போன்றவை தேடுவதற்கு உதவவே உதவா. எல்லாக் கதாநாயகர்களும் வீரர்கள்தாம். கிரீஸ் தின்னும் தவளை ஒன்றுதான் இருக்கிறது.

பெயர் மாற்றும் பழக்கம்

இப்படிப்பட்ட புத்தகங்கள் தொலைந்துபோவதற்கு வாசகரின் மறதி மட்டும் காரணமல்ல. பதிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு.

1970-களில் லக்கி ஸ்டார் நூல்கள் மீண்டும் அச்சாயின. அசிமோவ் அதற்குள் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் அட்டையில் அவர் பெயரே வந்தது. பிரிட்டன் பதிப்புகளில் தலைப்பிலிருந்து லக்கி ஸ்டாரைக் கழற்றிவிட்டார்கள். ஆக, பால் பிரெஞ்ச் எழுதிய லக்கி ஸ்டார் கதையைத் தேடிக் கடைக்குப் போகிறவர், ஐசக் அசிமோவ் எழுதிய 'தி ஓஷன்ஸ் ஆஃப் வீனஸ்' கண்ணெதிரில் இருந்தாலும் கடந்து போய்விடுவார். புதிய பதிப்புகளுக்கு அசிமோவ் முன்னுரையும் எழுதினார். தாம் எழுதிய காலத்தில் வெள்ளியைப் பற்றி அறிஞர்கள் எண்ணியது வேறு, பிறகு தெரியவந்தது வேறு என்று இளம் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார். கதையை மாற்றவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆண்ட்ரே நார்ட்டன் என்ற எழுத்தாளரின் கதை இன்னும் வேடிக்கை. அவர் பெண். இயற்பெயர் ஆலிஸ் மேரி நார்ட்டன். சிறுவர்கள் வாங்கும் சாகசக் கதைகளுக்கு ஆண் பெயர் இருந்தால் நல்லது என்று கருதப்பட்ட காலத்தில், 1934-இல் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டார். ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகர நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அணுப் போருக்குப் பிந்திய உலகில் ஓர் இளைஞனும் ஒரு பெரிய பூனையும் அலைந்து திரியும் அவருடைய நூல் 1952-இல் 'ஸ்டார் மேன்ஸ் சன்' என்ற பெயரில் வந்தது. இரண்டே ஆண்டில் மலிவுப் பதிப்பில் 'டேபிரேக் 2250 ஏ.டி.' ஆகிவிட்டது. நூலகத்தில் எடுத்துப் படித்தவரும் கடையில் வாங்கிப் படித்தவரும் ஒரே கதையை வேறு வேறு பெயரில் நினைவு வைத்திருப்பார்கள். நூலகராக இருந்தவருக்கே இந்தக் கதி!

ஜான் விண்டமின் 'தி கிரிசலிட்ஸ்' 1955-இல் அமெரிக்காவில் 'ரீ-பர்த்' ஆனது. அவருடைய முழுப் பெயர் மிக நீளம்: ஜான் விண்டம் பார்க்ஸ் லூக்கஸ் பெய்னன் ஹாரிஸ். அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பல புனைபெயர்கள் செய்துகொண்டார். 1959-இல் வந்த ஒரு நூலின் அட்டையில் ஜான் விண்டம், லூக்கஸ் பார்க்ஸ் என்று இரண்டு ஆசிரியர்கள். இருவரும் அவரேதான்.

தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. ஜான் கிறிஸ்டோபரின் மூன்று கால் இயந்திரங்கள் கதையை (முதல் மூன்று நூல்களும் 1967, 1968-இல் வந்தவை) பிபிசி 1984-லும் 1985-லும் இரண்டு பருவங்களாக ஒளிபரப்பியது. மூன்றாவது நூலுக்கான பருவத்தை எடுக்கவே இல்லை. திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு முடிவு தெரியாது. தலையில் உலோகத் தொப்பி பொருத்தி மனிதர்களை அடிமையாக்கும் கதை என்று நடுத்தர வயதில் தேடுபவர்கள் பலர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள்.

யார் எடுத்து வைத்தார்கள்?

அப்படியானால் இன்று எப்படிக் கண்டுபிடிக்க முடிகிறது? யாரோ சிலர் பட்டியல் போட்டார்கள். அதுதான் பதில்.

விண்வெளிக் கதை என்றால் மட்டமான சரக்கு என்று படித்தவர்கள் பலர் ஒதுக்கிய காலத்தில், எவரெட் பிளெய்லர் 1948-இல் கற்பனைப் புனைகதைகளின் முதல் பெரிய பட்டியலை வெளியிட்டார். டொனால்ட் டே, 1926 முதல் 1950 வரை வந்த அறிவியல் புனைகதை இதழ்களைத் திரட்டி 1952-இல் அட்டவணை தயாரித்தார். எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970-இல் தம்மிடமிருந்த ஏறக்குறைய 5,000 நூல்களையும் இதழ்களையும் டொரோண்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அது இன்று உலகின் முக்கியமான அறிவியல் புனைகதைச் சேமிப்புகளில் ஒன்று. 1979-இல் பீட்டர் நிக்கல்ஸ் இந்தத் துறைக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். புனைபெயருக்குப் பின்னால் யார், எந்த ஆண்டில் எந்தத் தலைப்பு என்ற விவரமெல்லாம் இப்படிப்பட்டவர்கள் மெனக்கெட்டுச் சேர்த்தது. பால் பிரெஞ்ச் என்று தேடினால் அசிமோவ் வந்து நிற்பது இவர்கள் உழைப்பால்தான்.

இனி நம் பக்கம் வருவோம்.

தமிழில் சிறு வயதில் அறிவியல் கதை படித்தவர்களைக் கேட்டால் முதலில் வருவது 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் கதைதான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். அவனைத் தமிழன் என்றே நினைத்து வளர்ந்தவர்கள் உண்டு. அவன் பிறந்தது 1962-இல், பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில். எழுதியவர் கென்னத் பல்மர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். மாயாவியின் பூர்வீகம் தெரியவந்ததற்குக் காரணமும் அங்கே பட்டியல் இருந்ததுதான். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மறந்தவருக்கும் கவலையில்லை. ஜீனோ என்ற இயந்திர நாய் என்று சொன்னால் போதும், பக்கத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லிவிடுவார். வார இதழில் தொடராக வந்தது புத்தகமாகவும் வந்துவிட்டதால் அது பிழைத்தது.

புத்தகமாக வராதவை? நம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளிலும் சிறுவர் பகுதிகளிலும் நம் ஊர் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய கதைகள் எத்தனை! தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுத் தாள்கள் அவை. தமிழ் முரசை 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கினார், அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னுருவில் வைத்திருக்கிறது. மலேசியாவில் அச்சாகும் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டம் தாளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஐந்தாம் பக்கத்து மூலையில் ஒரு தோட்டத்துப் பையன் நிலவுக்குப் போன கதை இருக்கிறது என்பதை எந்தச் சட்டமும் எழுதி வைக்காது. அதற்கு ஒரு பிளெய்லரோ ஒரு டேயோ உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

நாளை ஒருவர் வந்து, 1970-களில் நம் நாளிதழ் ஒன்றில் விண்வெளிக் கதை படித்தேன், பெயர் மறந்துவிட்டது என்று சொன்னால் என்ன செய்வோம்? ஈப்போ ஆசிரியரின் அமெரிக்கப் புத்தகத்தை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இவருடைய கதையை, இதே ஊரில் எழுதி இதே ஊரில் அச்சான கதையை, எந்தப் பட்டியலில் போய்த் தேடுவது? இவருடைய பிள்ளைகளும், நீங்களா கட்டிவிட்டதுதான்பா என்று சிரிப்பார்கள். இல்லை என்று சொல்ல நம் கையில் எதுவும் இருக்காது.

ஒரு சிறு வழி இருக்கிறது. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. சிறுவர் பக்கங்களை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியவர்களும் உண்டு. அவற்றில் அட்டை இருக்காது, தேதி இருக்காது, பல சமயம் எழுதியவர் பெயரும் இருக்காது, கிழிக்கும்போதே போயிருக்கும். அப்படி ஏதும் உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ இருந்தால் இந்த வார இறுதியில் எடுத்துத் தூசி தட்டுங்கள். எந்த இதழ், ஏறக்குறைய எந்த ஆண்டு, வெட்டி வைத்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முதல் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், பழைய தாளில் மை ஊறிவிடும்.